யவனர் மெய்ப்பையின் நிறம்

எங்கள் துறையின் முத்தமிழ் விழாவுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன்பு பெரியதொரு திரைச்சீலை வரையப்பட்டது. முல்லைப்பாட்டின் பாசறைக் காட்சி. நடுவில் அரசனின் கூடாரம். வாயிலின் இருமருங்கும் இரண்டு யவன வீரர். தோளில் செம்போர்வை, தலைச்சீராவின் உச்சியில் செம்மயிர்க் குஞ்சம், கையில் ஆள்மார்பு உயரக் கேடயம், கேடயத்தின்மேல் பொன்னிறக் கழுகு. வரைந்தவர்கள் மாணவர்கள்தாம், ஆனால் இன்னவாறு வரைக என்று ஒவ்வொன்றாகச் சொன்னவன் நான். இருபதாண்டு ஆசிரியப் பணியில் முல்லைப்பாட்டைப் பன்முறை நடத்தியிருக்கிறேன். அந்த இடம் வரும்போதெல்லாம் இதே படத்தைத்தான் சொற்களால் வரைந்து காட்டியிருக்கிறேன்.

சீலை முடிகிற நாளில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, இந்தச் சிவப்பு பாட்டுல எந்த அடியில வருது?"

"பாட்டில் நேராக இல்லை. ரோமப் படை என்றால் சிவப்புத்தானே" என்றேன்.

"எந்தச் சிவப்பு ஐயா?"

விடுமுறைக் காலங்களில் ஒரகடம் பக்கம் ஒரு வாகன ஆலையின் பெயிண்ட் பிரிவில் வேலை பார்க்கிறவர் அவர். சிவப்பு என்று பொதுப்படச் சொன்னால் அங்கே யாரும் வாளியைக்கூடத் தொடமாட்டார்களாம். ஒவ்வொரு சிவப்புக்கும் ஓர் எண் உண்டு. நான் சிரித்துச் சமாளித்தேன். விழா நன்றாக நடந்தது. ஆனால் வீடு திரும்பி நூலைப் பிரித்து அந்தப் பகுதியை அடியடியாகப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. போர்வை இல்லை. கழுகு இல்லை. கேடயம் யவனர் கையில் இல்லை. அவர்கள் வாயிலில் காவல் நிற்கிறார்கள் என்பதற்குக்கூட நான் நினைத்த அளவுக்குப் பிடிமானம் இல்லை.

உடையின் நிறம் அற்பச் செய்தி என்று மறைமலை நகரில் வாழும் எவரும் சொல்லமாட்டார். விடியற்காலையில் பெருஞ்சாலையோரம் நின்று பார்த்தால் போதும். ஆலைப் பேருந்துகளுக்காகக் காத்திருப்போர் நிறம் நிறமாகப் பிரிந்து நிற்பார்கள்: சாம்பல் சட்டை ஓரிடம், வெளிர்நீலம் ஓரிடம். ஒரே ஆலைக்குள்ளேயே நிரந்தரப் பணியாளருக்கு ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளருக்கு வேறொன்று, பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குக் கழுத்துப்பட்டை மட்டும் வேறு என்று வகுத்திருக்கும் இடங்களும் உண்டு. வாயிற்காவலர் பார்ப்பது முகத்தை அன்று, நிறத்தை என்பார் அந்த மாணவர். 2022ஆம் ஆண்டில் இங்கிருந்த பெரிய கார் ஆலையொன்று உற்பத்தியை நிறுத்தியது. அதற்குப் பிறகும் வெகுநாள் அந்த ஆலைச் சட்டையைத் தேநீர்க் கடைகளில், மீன் சந்தையில், கோயில் வரிசையில் கண்டிருக்கிறேன். படை கலைந்தாலும் உடை கிழியும்வரை உடம்பில் இருக்கும் போலும்.

இந்த ஊரின் பெயருக்கும் என் பிழைக்கும் ஒரு தொடர்பு உண்டு. முல்லைப்பாட்டுக்கு 1903ஆம் ஆண்டில் ஆராய்ச்சியுரை எழுதியவர் மறைமலையடிகள். அப்போது அவர் வேதாசலம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியர். பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்துப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. நச்சினார்க்கினியர் பாட்டின் அடிகளைப் பிரித்தெடுத்து வேறிடத்துச் சொற்களோடு கூட்டிப் பொருள் கொள்வதை அவ்வுரையில் அடிகள் மறுத்தார். சொல் நின்ற இடத்திலேயே வைத்துப் பொருள் காண வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பெயர் தாங்கிய ஊரில் குடியிருந்துகொண்டு, ஓரிடத்து யவனரையும் வேறோரிடத்துக் காவலையும் இன்னொரு தேசத்துக் கேடயத்தையும் கூட்டி நான் ஒரு படம் செய்திருந்தேன். நச்சினார்க்கினியரேனும் ஒரே பாட்டுக்குள்தான் கூட்டினார்.

சரி, பாட்டில் இருப்பதுதான் என்ன? நப்பூதனார் உடைகளைப் பார்க்கத் தெரிந்த புலவர். நூற்றுமூன்றே அடி கொண்ட பாட்டில் எத்தனை உடைகள்! பாசறையின் பாகர் யானைக்குக் கவளம் ஊட்டுகின்றனர். முக்கோலில் ஆடையை இட்டுவைத்த பார்ப்பான் உவமையில் வருகிறான். அவன் ஆடை காவிக்கல்லில் தோய்த்தது என்று நிறம் சொல்லப்படுகிறது. (அந்த உவமைக்கு உரை கண்ட வேதாசலமே எட்டாண்டுகளில், 1911இல், துறவு மேற்கொண்டு காவி உடுத்தினார் என்பது தற்செயல்தான், ஆனாலும் அவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவில் வருகிறது.) விளக்கேற்றும் மங்கையர் பலநிற வரிகள் விரவிய கச்சில் வாளைச் செருகியிருக்கிறார்கள். காவல்புரியும் முதியவர்கள் தலையில் துகிலைக் கட்டி மேலே போர்த்தி, உறக்க மயக்கத்தில் அசைகிறார்கள். மெய்யினால் மட்டுமே பேசும் மிலேச்சர் சட்டை அணிந்து அரசனுக்கு அருகில் இருக்கிறார்கள்.

இவர்களிடையேதான் யவனர். அவர்கள் இடையை இறுக்கிச் செறிவாக உடுத்தியிருக்கிறார்கள். அவ்வுடைமேல் மத்திகை வளைந்து கிடக்கிறது. உடம்பை மெய்ப்பை மூடியிருக்கிறது. மெய்ப்பை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உடம்பைப் போட்டுவைத்த பை! தைத்த சட்டையைப் புதிதாகப் பார்த்த கண்ணிலிருந்து பிறந்த சொல் அது. சுற்றிக் கட்டுவதும் போர்ப்பதும் அறிந்த நாட்டில், ஆள் பைக்குள் புகுந்ததுபோல் வருவது அச்சந்தரும் தோற்றம் என்று புலவருக்குத் தோன்றியிருக்கிறது. மத்திகை என்பது குதிரைச் சவுக்கு. கிரேக்கத்தில் சவுக்கைக் குறிக்கும் 'மாஸ்டிக்ஸ்' என்ற சொல்லோடு அதை இணைத்துக் காட்டுவார்கள். ஆக, அந்த மனிதர் இடையில் இருப்பது சவுக்கு. கேடயமும் இல்லை, ஈட்டியும் இல்லை. அவர்கள் செய்யும் வினையோ புலித்தொடர் என்னும் சங்கிலியை விட்டு நல்லில்லைப் புனைவது. கூடாரத்தை அழகுற அமைத்தவர்கள் என்றுதான் தொடர் செல்கிறது. அரசனுக்குப் பக்கத்தில் நிற்பவர் மிலேச்சர். காவல் நிற்கும் யவனர் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் இருக்கிறார்கள். மதுரையின் மதில் வாயிலில், வாளோடு. நான் அவர்களை வாயிலிலிருந்து பெயர்த்துப் பாசறையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

காவி என்றும் பலவரி என்றும் பிறர் உடைக்கு நிறம் சொன்ன புலவர் மெய்ப்பைக்கு நிறம் சொல்லவில்லை. அவருக்கு அந்த உடையில் வியப்பு அதன் தையல்தான்.

நிறத்தை ரோமரிடமே கேட்கலாம் என்று தேடினேன். அங்கே கிடைத்தது வேறொரு வியப்பு. நாம் திரைப்படங்களில் காணும் ஒரே செந்நிறப் படைக்கு உறுதியான சான்று ரோமரிடமும் இல்லை. மார்ஷியல் என்ற கவிஞர் உரோமில் கருநிற ஆடையும் கால் நாட்டில் செந்நிற ஆடையும் விரும்பப்படுவதாகக் கூறி, அந்தச் சிவப்பு சிறுவர்க்கும் போர்வீரர்க்கும் பிடிக்கும் என்கிறார். படைக்கலை நூல் எழுதிய வெஜீசியஸ், உளவுப் படகுகளின் பாயும் கயிறும் கடல்நிறத்தில் தோய்க்கப்பட்டன, அப்படகிலிருந்த மாலுமியும் வீரரும் அதே நிறத்தில் உடுத்தினர், பகைவர் கண்ணில் படாமலிருக்க, என்கிறார். இவற்றைவிட என்னைக் கவர்ந்தது எகிப்தில் கிடைத்த ஒரு பாபிரசு ஏடு. கி.பி. 138ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அரசு ஆணை. பிலடெல்பியா என்னும் ஊர் நெசவாளர்கள் கப்படோசியாவில் இருக்கும் படைவீரர்க்காக ஆடை நெய்து தர வேண்டும். இடைக்கச்சோடு அணியும் வெண்ணிற அங்கி ஒன்று, இத்தனை முழ நீளம், இத்தனை முழ அகலம், இவ்வளவு எடை. வெண்ணிறச் சிரியப் போர்வை நான்கு. படை மருத்துவமனைக்கு வெண்ணிறக் கம்பளி ஒன்று. நூல் மென்மையாக இருக்கட்டும், வெண்மை தூயதாக இருக்கட்டும், அழுக்கு கூடாது, கரை ஒழுங்காக முடிந்திருக்கட்டும். முன்பணமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொள்முதல் ஆணைக்குரிய கறார் அதில் உண்டு, கவிதை இல்லை. ஆனால் ரோமப் படைவீரனின் உடை என்ன நிறம் என்று அந்த ஏடு சொல்வது போல நேராகச் சொல்லும் சான்று அரிது. வெள்ளை.

வெள்ளை என்றதும் நமக்குப் புறநானூற்றின் 279ஆம் பாட்டு நினைவுக்கு வரவேண்டும். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முன்னைய போரில் ஒருவன், நேற்றைய போரில் கணவன் என்று இழந்த பெண், இன்று பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனை அழைக்கிறாள். கையில் வேல் தருகிறாள், குடுமிக்கு எண்ணெய் தடவுகிறாள், உடுத்தி அனுப்புகிறாள். அங்கே 'ஆடை' என்ற சொல் இல்லை. 'வெளிது' என்று மட்டும் இருக்கிறது. நிறமே உடைக்குப் பெயராகி நிற்கிறது. 291ஆம் பாட்டில் களத்தில் வீழ்ந்து கிடக்கும் கருநிற மறவனும் தூய வெள்ளை அறுவையோடுதான் கிடக்கிறான். பறவைகளை விரட்டுங்கள் என்று சிறுவரையும் துடியரையும் பாடுநரையும் அழைக்கிறது குரல். எகிப்திய நெசவாளன் அழுக்கில்லாமல் நெய்ய வேண்டிய அதே வெள்ளை. இங்கே நெய்து தந்தவர் யாரென்று தெரியாது, உடுத்திவிட்டவள் தாய்.

எல்லோரும் வெள்ளை உடுத்தினர் என்றும் சொல்லிவிட முடியாது. 274ஆம் பாட்டில் உலோச்சனார் காட்டும் மறவன் நீலக் கச்சை கட்டியிருக்கிறான். அவன் ஆடையில் பூவேலை. தலையில் மயிற்பீலிக் கண்ணி. ஒரு தனிமனிதனின் ஆடம்பரமாக அது இருக்கலாம், அவன் குழுவின் வழக்கமாகவும் இருக்கலாம். ஒரு பாட்டைக்கொண்டு ஒரு படைக்கு உடுத்திவிடக் கூடாது என்பதை நான் என் திரைச்சீலையிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இனிக் கேடயம். ரோமக் கேடயங்களில் நம் கண்முன் இருப்பவை மிகச் சில. சிரியாவில் யூப்ரடீசு ஆற்றங்கரையில் டூரா யூரோப்பஸ் என்னும் நகரம் கி.பி. 256ஆம் ஆண்டளவில் சாசானியப் படையிடம் வீழ்ந்து மண்மூடியது. 1930களில் அங்கே அகழ்ந்தபோது வளைந்த நெடுஞ்சதுரக் கேடயம் ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கி ஒட்டித் தோல் போர்த்தியது. செந்நிறத் தளம், மேலே கழுகும் வெற்றித் தேவதைகளும், கீழே சிங்கமும். இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவ்வகையில் முழுமையாகத் தெரியவந்தது அது ஒன்றுதான். நாம் ரோமக் கேடயம் என்றதும் செந்தளமும் கழுகும் காண்பதற்கு அந்த ஒற்றைக் கேடயத்துக்கும் பங்குண்டு. கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் கேடயங்கள்மேல் சிறகு முளைத்த இடி செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வண்ணம் போய்விட்டது. கி.பி. 400ஐ ஒட்டிய நோட்டிசியா டிக்னிடாட்டம் என்ற அரசுப் பதவிப் பட்டியலில் படைப்பிரிவுகளின் கேடயச் சின்னங்கள் பக்கம் பக்கமாக வண்ணத்தில் வரையப்பட்டிருக்கின்றன. பார்க்கக் கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்த மூலச்சுவடி இல்லை. அதிலிருந்து வந்த பழைய படியும் தொலைந்தது. நம்மிடம் இருப்பவை பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுப் பெயர்த்தெழுதல்கள். சுவடி பார்த்துப் பழகிய தமிழாசிரியனுக்கு இவ்விடத்தில் ஒரு கலக்கம் வரும். சொல் பிழைத்தால் யாப்பு காட்டிக்கொடுக்கும், எதுகை காட்டிக்கொடுக்கும். மஞ்சளுக்குப் பதிலாகப் பச்சை தீட்டிவிட்டால் எது காட்டிக்கொடுக்கும்?

சின்னம் எதற்கு? வெஜீசியஸ் விடை தருகிறார்: களத்தின் குழப்பத்தில் வீரர்கள் தம் கூட்டத்தைவிட்டு வழிதவறாதிருக்க, ஒவ்வொரு பிரிவும் கேடயத்தில் வேறு வேறு குறி தீட்டியது. அதோடு ஒவ்வொருவன் கேடயத்திலும் அவன் பெயரும் பிரிவும் எழுதப்பட்டன. டொமிஷியன் காலத்து டாசியப் போரில் படைத்தலைவன் ஒருவன் வீரர்களைத் தம் பெயரையும் தம் நூற்றுவர் தலைவன் பெயரையும் கேடயத்தில் எழுதச் சொன்னதாகக் காசியஸ் டியோ எழுதுகிறார். நன்றாகப் போரிட்டவன் யாரென்று தெரியவேண்டும் என்பது நோக்கம். தெரியாமல் ஓடியவனும் தெரிந்துவிடுவான்.

தமிழ்க் கேடயத்துக்கு வருவோம். சங்கப் பாட்டில் அதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்று தோல். எதனால் செய்தது என்பதே பெயர். முல்லைப்பாட்டின் பாசறையில் குந்தங்களைக் குத்தி நிறுத்திக் கிடுகுகளை அவற்றின்மேல் வரிசையாகச் சார்த்தி வேலியாக்குகிறார்கள். அந்தச் சொல்லை இன்றும் தென்னங்கீற்றுப் படலுக்குச் சொல்பவர்கள் உண்டு. வேலியோரம் கிடுகு சார்த்தியிருப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாசறை தானாகவே தெரியும். நிறம்? புறநானூறு 16இல் பாண்டரங் கண்ணனார் சோழன் பெருநற்கிள்ளியின் படையைப் பாடும்போது கேடயங்கள் மழைமேகத்தின் தோற்றத்தில் பரந்தன என்கிறார். கருந்தோல். சின்னம்? 4ஆம் பாட்டில் பரணர் இளஞ்சேட்சென்னியின் படைக்கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். வாள் குருதிக் கறையால் செவ்வானம்போல் இருக்கிறது. தோலில் அம்பு துளைத்த ஓட்டைகள்; அது அம்பெய்து பழகும் இலக்குப்போல் இருக்கிறது. கேடயத்தின்மேல் தமிழ்ப் புலவர் கண்டு எழுதிய சித்திரம் அதுதான். அதைத் தீட்டியவர் பகைவர்.

கருவியை அழகு செய்வதைப் பற்றி நம் தொண்டை நாட்டில் வைத்தே ஒரு செய்தி பேசப்பட்டிருக்கிறது. அதியமானின் தூதாகக் காஞ்சிக்கு வந்த ஒளவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் இருந்தன. எம்மரசன் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஒளவையார் (புறம் 95). பாராட்டுப்போல் ஒலிக்கும் பழிப்பு. மறைமலை நகரிலிருந்து காஞ்சிபுரம் எட்டிப்பிடிக்கும் தொலைவுதான். ஒளவையார் என் திரைச்சீலையைப் பார்த்திருந்தால் அந்தப் பொற்கழுகுக் கேடயத்தைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருப்பார்.

அப்படியானால் தமிழ்ப் படையில் தன்னவன் யார், பகைவன் யார் என்பதை எதைக்கொண்டு அறிந்தார்கள்? பூவைக்கொண்டு. சேரர்க்குப் போந்தை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆர். இவற்றை அரசர் சூடும் பூ என்று மட்டும் பாடநூலில் சொல்லிவிடுகிறோம். தொல்காப்பியப் புறத்திணையியலோ பெரும்படையினர் சூடியவை என்றே குறிக்கிறது. இதன்மேல் வினைக்குரிய பூ வேறு: ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, மதிலை முற்ற உழிஞை, காக்க நொச்சி, நேர்நின்று பொரத் தும்பை. முதலாவது எவன் ஆள் என்று சொல்லும். இரண்டாவது என்ன செய்ய வந்தான் என்று சொல்லும். இரண்டும் ஒரே தலையில் அமரும். 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் காட்டும் இளம் நெடுஞ்செழியன் வேம்பின் தளிரை உழிஞைக் கொடியோடு சேர்த்துச் சூடியிருக்கிறான். ரோமனின் கேடயம் சொல்வதற்கு மேலாகவே அந்தத் தலை சொல்கிறது. ஒரு குறை உண்டு: பூ மாலைக்குள் வாடிவிடும்.

இன்னொரு குறை பெரிது. இருபுறமும் ஒரே பூவாக இருந்துவிட்டால்?

உறையூர் முற்றுகை அப்படி நேர்ந்தது. வெளியே நலங்கிள்ளி, உள்ளே அடைபட்டு நெடுங்கிள்ளி. இருவரும் சோழர். கோவூர் கிழார் நடுவே நின்று பேசிய 45ஆம் பாட்டை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஒற்றுமையை வலியுறுத்தும் பாட்டு என்று தேர்வுக்கு எழுதவைத்திருக்கிறேன். இந்தச் சீலை விவகாரத்துக்குப் பிறகு படித்தபோதுதான் அதன் தொடக்கம் உறைத்தது. புலவர் அறத்திலிருந்து தொடங்கவில்லை. பார்வையிலிருந்து தொடங்குகிறார். எதிரே நிற்பவன் பனையின் வெண்தோடு சூடவில்லை. கரிய கொம்புடைய வேம்பும் சூடவில்லை. உன் கண்ணியும் ஆர், அவன் கண்ணியும் ஆர். அதன்பிறகுதான் ஒருவர் தோற்றாலும் தோற்பது உம் குடியே, இருவரும் வெல்வது நடவாது, இப்போர் கண்டு பிற வேந்தர் உடல் பூரிப்பார் என்று வருகிறது. களத்தில் நிற்கும் ஒரு காலாள் நிலையிலிருந்து இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தும்பை சூடும் நாளில் அவன் தலையிலும் ஆர், எதிரியின் தலையிலும் ஆர். யாரை வெட்டுவது?

அந்தக் காலாளுக்கு என்ன நேரும் என்பதைக் கோவூர் கிழார் சொல்லவில்லை. உரோமில் ஒருவர் எழுதியிருக்கிறார். கி.பி. 69ஆம் ஆண்டு அக்டோபர். வடஇத்தாலியில் கிரெமோனா நகரருகே விட்டெலியசின் படையும் வெஸ்பாசியன் பக்கத்துப் படையும் இரவில் மோதின. ரோமரும் ரோமரும். தாசிட்டஸ் எழுதுகிறார்: இருபுறமும் ஆயுதம் ஒன்றே. அடையாளச் சொல்லை அடிக்கடி கேட்டுக் கேட்டு அது எதிரிக்கும் தெரிந்துவிட்டது. கொடிகள் கைமாறிக் கலந்தன. விட்டெலியசின் பதினைந்தாம் படைப்பிரிவு பெரிய கல்லெறி பொறி ஒன்றை நிறுத்தி எதிர்வரிசையைச் சிதைத்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்து வீரர் இருவர், பிணக்குவியலிலிருந்து பகைவர் கேடயங்களை எடுத்துக்கொண்டு நடந்து சென்றார்கள். எவரும் தடுக்கவில்லை. பொறியின் முறுக்குக் கயிறுகளை அறுத்தார்கள். அங்கேயே குத்திக் கொல்லப்பட்டார்கள். அதனால் அவர்கள் பெயர் தெரியாமற் போயிற்று, செயலில் மட்டும் ஐயமில்லை என்று அந்த வரலாற்றாசிரியர் முடிக்கிறார்.

கேடயக் குறி எவ்வளவு நம்பப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உள்ளிருக்கும் ஆளைப் பார்க்காமல் வெளியிலிருக்கும் பலகையைப் பார்த்து வழிவிட்டார்கள். எங்கள் ஊர் ஆலை வாயில் நினைவுக்கு வந்தால் அது என் பிழையன்று. பெயர் தெரியாமற்போனதற்கும் காரணம் விளங்குகிறது என்று நினைக்கிறேன். தம் பெயர் எழுதிய கேடயம் இருந்திருந்தால் அதை அவர்கள் போட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். இறக்கும்போது கையில் இருந்தது வேறொருவனுடையது. இது என் ஊகம், தாசிட்டஸ் சொன்னதன்று.

அதே இரவில், தாசிட்டஸ் தம் சான்றாளர் பெயரோடு சொல்லும் இன்னொன்றும் நடந்தது. ஸ்பெயின் நாட்டு யூலியஸ் மன்சுவேட்டஸ் என்பவன் வீட்டில் சிறுவனாக இருந்த மகனை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தவன். அந்த மகன் வளர்ந்து எதிர்ப்பக்கத்து ஏழாம் படைப்பிரிவில் இருந்தான். களத்தில் எதிர்ப்பட்ட ஒருவனை வீழ்த்தி, அவன் உடலைத் துழாவும்போதுதான் தந்தையென்று அறிந்தான். மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு அழுதான். உன் கண்ணியும் ஆர், அவன் கண்ணியும் ஆர் என்று கோவூர் கிழார் சொன்னதற்கு நான் எழுதவைத்த தேர்வு விடைகளில் இந்தப் பிணம் இருந்ததில்லை.

ரோமன் பெயரைக் கேடயத்தில் எழுதினான், உயிரோடிருக்கையில் பார்க்கப்படுவதற்காக. தமிழர் பெயரைக் கல்லில் எழுதினர். 264ஆம் பாட்டில் பரல்நிலத்து மேட்டில் நட்ட கல்லுக்குச் செம்பூக் கண்ணியும் பீலியும் சூட்டிப் பெயர் பொறிக்கிறார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகற்கள் அந்த வழக்கத்தை நம் கையில் வைத்தன. கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் பெயர் ஒரு கல்லில் இருக்கிறது. உருவம் செதுக்கப்படவில்லை. என்ன உடுத்தியிருந்தான், கேடயம் வைத்திருந்தானா, வெட்சியா கரந்தையா, ஒன்றும் இல்லை. பெயரும் ஊரும் ஆகோளும். பல நூற்றாண்டு கழித்துச் செங்கம் வட்டார நடுகற்களில்தான் வில்லும் குறுவாளும் ஏந்திய உருவங்கள் எழுத்துகளோடு சேர்ந்து வருகின்றன.

யவனருக்கு இங்கே அப்படி ஒரு கல்லும் கிட்டவில்லை. அவர்கள் ரோம அரசின் படைவீரர்கள் என்று நான் நடத்தியதற்கும் ஆதாரம் இல்லை. ரோமப் படைப்பிரிவு ஒன்றன் காவல்நிலையம் இந்தியப் பெருங்கடலை நோக்கி எட்டிய தொலைவுக்குக் கல்வெட்டுச் சான்று செங்கடலின் தென்பகுதியில், பரசான் தீவுகளில் இருக்கிறது, கி.பி. 144ஆம் ஆண்டளவினது. நம் பக்கம் வந்த கப்பல்களில் கடற்கொள்ளையருக்கு அஞ்சி வில்லாளர் கூட்டத்தை ஏற்றிவந்ததாகப் பிளினி எழுதுகிறார். பாலாறு கடலில் கலக்குமிடத்துக்கு அருகில், இதே செங்கல்பட்டு மாவட்டத்து வசவசமுத்திரத்தில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது மேலைநாட்டு மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. அவ்வழியாக வந்திறங்கிச் சம்பளத்துக்கு அமர்ந்த வில்லாளனோ குதிரை பழக்குபவனோ தச்சனோ ஒருவன் பாண்டியனின் பாசறைக்குப் போயிருக்கலாம். அவன் இடையில் சவுக்கு இருந்தது. சட்டை தைத்தது. அவ்வளவுதான் நப்பூதனார் கண்டது.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அதே சீலையை எடுத்தோம். புதிதாக வாங்கப் பணம் இல்லை, மேலேயே தீட்டினோம். இப்போது அந்த மாணவர்தான் நிறம் சொன்னார். வாயிலிலிருந்த யவனர் இருவரையும் உள்ளே நகர்த்தி, ஒருவன் சங்கிலியைப் பிடிக்க மற்றவன் திரைக்கயிற்றை இழுப்பதாக மாற்றினார். கழுகுக் கேடயம் போன இடத்தில் சவுக்கு வந்தது. வேலியாகச் சார்த்திய கிடுகுகளை மழைமேகக் கருமையில் எழுதி, ஒவ்வொன்றிலும் தூரிகையின் பின்முனையால் இரண்டு மூன்று துளையிட்டார். மங்கையர் கச்சில் மட்டும் தம்மிடமிருந்த எல்லா வண்ணங்களையும் கொட்டினார்.

மெய்ப்பைக்கு என்ன நிறம் என்று நான் கேட்டேன். வெளுக்காத பருத்தித் துணியின் நிறம் போதும் என்றார். பெயிண்ட் பிரிவில் முதல்பூச்சு அப்படித்தான் இருக்குமாம். அதன்மேல் எந்த நிறமும் ஏறும். பழைய சிவப்பு ஆழமாக ஊறியிருந்ததால் மூன்று முறை பூச வேண்டியிருந்தது. வெயிலில் பார்த்தால் தோளருகே இன்னும் கொஞ்சம் தெரிகிறது.